டி.எம்.வி. 2 எட்டிய இடம்

திண்டிவனம் ரயில் நிலையத்தின் குறியீடு டி.எம்.வி. எங்கள் பக்கத்து மல்லாட்டைக்கும் (வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அதுதான் பெயர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களுக்கு அந்த மூன்றெழுத்தைப் போட்டு, பின்னால் ஒரு எண்ணைச் சேர்ப்பார்கள். டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940இல். குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரகத்தில் நல்ல செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி, அவற்றின் விதைகளை ஒன்றாகக் கூட்டிப் பெருக்கி எடுத்த ரகம். கொடி ஓடாது, கொத்தாக நிற்கும், நூறு, நூற்றைந்து நாளில் பிடுங்கிவிடலாம். மழையை நம்பிய நிலத்துக்கு இது தோதாக இருந்தது. தென்னார்க்காட்டைத் தாண்டி அனந்தப்பூர்ச் செம்மண் வரைக்கும் போய், அங்கே பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.

ஆராய்ச்சி வயல்களில் இந்த ரகத்துக்கு இன்னொரு வேலை உண்டு. துரு நோயும் பின்பருவ இலைப்புள்ளியும் (டிக்கா என்றால்தான் எங்கள் ஊரில் புரியும்) இதைச் சுலபமாகத் தாக்கும். ஆகவே புதிய ரகங்களின் நோய் எதிர்ப்பைச் சோதிக்கிற வயலில், சில வரிசைக்கு ஒரு வரிசை டி.எம்.வி. 2-ஐ விதைப்பார்கள். அது முதலில் நோயை வாங்கிக்கொள்ளும். அதன் இலையிலிருந்து பூசணத்தின் வித்துகள் காற்றில் கிளம்பிப் பக்கத்து வரிசைகளில் இறங்கும். எந்தச் செடி எவ்வளவு இலையை உதிர்க்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடுவார்கள். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டில் எத்தனையோ பருவங்கள் இப்படி நடந்திருக்கின்றன. மற்ற ரகங்களை எடைபோடுவதற்காகத் தான் நோயில் விழுந்த ரகம் எங்களுடையது.

அந்தக் குறையைத் தீர்த்த வேலை 2017இல் ஒரு ஆய்விதழில் வந்தது. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை. ஜப்பானிலுள்ள கசூசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனமும் அதில் கூட்டு. அவர்கள் டி.எம்.வி. 2-ஐ ஜி.பி.பி.டி. 4 என்ற நோய் தாங்கும் ரகத்தோடு கலந்தார்கள். பிறந்த செடிகளை மறுபடி மறுபடி டி.எம்.வி. 2-உடனேயே சேர்த்தார்கள். எதிர்ப்பைத் தரும் குரோமோசோம் துண்டு வந்து சேர்ந்திருக்கிறதா என்று தலைமுறைதோறும் இலையின் டி.என்.ஏ.வில் பார்த்தார்கள். எங்கள் மல்லாட்டை தன் குணம் மாறாமல், நோயைத் தாங்கும் செடியாக மாறியது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சந்தோஷமும் அதோடு ஒரு கேள்வியும் வந்தன. செடி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அதை விதைத்துக் களை வெட்டியவர்களின் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வது எப்படி?

நான் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன், மேல்சித்தாமூர்க்காரன். என்னிடம் படித்த பெண்ணொருத்தி முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். இரண்டு ஏக்கர் மல்லாட்டையும் கொஞ்சம் உளுந்தும் போடுகிற குடும்பம். போஸ்ட்டாக் போவதற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தபோது அப்பாவும் கூட வந்திருந்தார்.

"ஐயா, டாக்டர் பட்டம்தான் வாங்கிட்ச்சே பாப்பா. இன்னும் இன்னா லேப்பு? இது படிப்பா, வேலையா?"

"வேலதாம்பா," என்றாள் அவள்.

"வேலன்னா எத்தினி வருசம்?"

"ரெண்டு வருசம். அப்புறம் நீட்டிச்சா உண்டு."

அவர் என்னைப் பார்த்தார். "நாளைக்கு மாப்ள வூட்ல கேட்டா இன்னான்னு சொல்றதுங்க ஐயா?"

அந்த மனிதரின் கேள்வி நியாயமானது. பல்கலைக்கழகங்களும் அரசும் அதற்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. போஸ்ட்டாக் என்பவர் மாணவர் இல்லை, ஆசிரியரும் இல்லை. இன்னொருவருடைய ஆய்வகத்தில், இன்னொருவர் வாங்கிய நிதியில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். வருங்கால வைப்புநிதி பெரும்பாலும் கிடையாது. பணிமூப்பில் இந்த ஆண்டுகள் சேருமா என்பது பிற்பாடு வேலை கொடுக்கிற இடத்தின் தயவு. ஆனாலும் மூலக்கூறு உயிரியலில் ஒருவர் தன் சொந்தக் கேள்வி எது என்று கண்டுகொள்வது இந்த ஆண்டுகளில்தான். முனைவர் பட்டத்தில் கைடு கொடுத்த கேள்விக்கு விடை தேடுகிறோம். அதற்குப் பிறகுதான், எந்தக் கேள்விக்குப் பத்து வருடத்தைக் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற பயிற்சி வருகிறது. அது வகுப்பில் வராது, புத்தகத்திலும் வராது. கையால் வேலை செய்துகொண்டே, தோற்றுக்கொண்டே வருவது.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மல்லாட்டையின் இளம் இலையைப் பறித்து, திரவ நைட்ரஜனை ஊற்றி உரலில் அரைக்கிறார்கள். புகை மாதிரி ஆவி கிளம்பும். இலை கண்ணாடி போல நொறுங்கிப் பச்சைப் பொடியாகும். பொடி உருகிவிட்டால் இலையிலுள்ள பாலிஃபீனால்கள் டி.என்.ஏ.வைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். அதனால் கை வேகமாக ஓட வேண்டும். சிடாப் (CTAB) கரைசலில் போட்டு 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் குழாயில் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலடுக்கை மட்டும் பிப்பெட்டால் எடுக்கிறார்கள். நடு அடுக்கைத் தொட்டுவிட்டால் அன்றைய வேலை வீண். மேலடுக்கில் ஐசோபுரொப்பனால் விட்டுக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் வெள்ளை நூலாகத் திரண்டு வரும். முதல் தடவை அதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகத்தை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேல், தேடுகிற டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர்., துண்டுகளைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல். மல்லாட்டையில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அது தென்னமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்த பயிர். இரண்டின் குரோமோசோம்களும் முழுதாக உள்ளே இருக்கின்றன, மொத்தம் நாற்பது. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு மாதிரி ஒத்திருப்பதால், ஒன்றைத் தேடிப் போட்ட ப்ரைமர் மற்றதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஜெல்லில் தெரிகிற கோடு எந்தப் பாதியினுடையது என்று சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள நேரும். காட்டு முன்னோர் இரண்டின் மரபணுத்தொகுதி 2016இல் வெளியானது; பயிரினுடையது 2019இல்தான் முழுமையாக வந்தது. அந்தக் கட்டுரைகளில் நீண்டு கிடக்கிற பெயர்ப் பட்டியலில் பாதிக்கு மேல் ஊர்விட்டு ஊர் வந்து இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வயலில் செய்கிற பாதி இதைவிடப் பொறுமை கேட்கிறது. மல்லாட்டைப் பூ விடியலில் மலர்ந்து தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். கலப்புச் செய்ய வேண்டுமானால் முதல் நாள் சாயங்காலமே, மறுநாள் மலரப்போகிற மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பிறகு அந்தக் கணுவில் நிறநூல் கட்டி, அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போவதைக் காத்துக்கிடக்க வேண்டும். மற்ற பூக்களைத் தினமும் கிள்ளாவிட்டால் எந்தக் காய் எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். ஒரு தலைமுறைக்கு ஒரு பருவம். மறுகலப்பு மூன்று தடவை, அதன் பிறகு தற்கலப்பு, அதற்கும் பிறகு மழைக்காலத்தில் நோய்ச் சோதனை. இரண்டு வருட ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போட்டவர் இந்த வேலையின் நடுவில் இறக்கிவிடப்படுவார். நீட்டிச்சா உண்டு என்று அந்தப் பெண் அப்பாவிடம் சொன்னதில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

மூலக்கூறு உயிரியல் என்ற துறையே இப்படி நடுவில் நின்றவர்களால் உண்டானது. ஜேம்ஸ் வாட்சன் கோபன்ஹேகனில் உயிர்வேதியியல் கற்க உதவித்தொகை வாங்கிப் போனவர். 1951இல், உதவித்தொகை கொடுத்தவர்களின் மனத்துக்கு மாறாகக் கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறினார். டி.என்.ஏ. கட்டமைப்பு வந்தபோது அவருக்கு வயது 25. அவரோடு இருந்த கிரிக் அப்போது இன்னும் முனைவர் பட்டம்கூட முடித்திருக்கவில்லை. ஹைன்ரிக் மத்தாய் ஜெர்மனியிலிருந்து நேட்டோ உதவித்தொகையில் அமெரிக்கா போய் மார்ஷல் நிரன்பெர்க்கின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். 1961 மே 27 விடிகாலை, தொடர்ந்து யூராசிலே இருக்கிற செயற்கை ஆர்.என்.ஏ.வைக் குழாயில் விட்டு, அதிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தால் ஆன புரதம் உண்டாவதைப் பார்த்தார். மரபணு மொழியின் முதல் சொல் படிக்கப்பட்டது அன்றைக்குத்தான். நிரன்பெர்க் அப்போது வேறு ஊரில் இருந்தார். 1968இல் நோபல் பரிசு நிரன்பெர்க்குக்கும் கொரானாவுக்கும் ஹோலிக்கும் போயிற்று. பட்டியலில் மத்தாயின் பெயர் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. எவருடைய கை குழாயைப் பிடித்ததோ அவருக்கு என்ன சேர வேண்டும் என்ற கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இருக்கிறது.

அதே பரிசைப் பெற்ற ஹர் கோவிந்த் கொரானாவின் நடு ஆண்டுகள் நம் கதைக்கு இன்னும் நெருக்கம். பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிறு கிராமம். ஊரில் எழுத்தறிந்த குடும்பம் கிட்டத்தட்ட அவருடையது மட்டும். லிவர்பூலில் 1948இல் முனைவர் பட்டம் வாங்கி, சூரிச்சில் வேதியியலாளர் பிரெலாகின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே உதவித்தொகை இல்லை. சேமித்து வைத்திருந்ததைத் தின்று ஒரு வருடம் போல ஓட்டினார். பணம் தீர்ந்து 1949இல் இந்தியா வந்தால் இங்கே வேலை இல்லை. திரும்பக் கேம்பிரிட்ஜ், அங்கிருந்து கனடாவின் வான்கூவர். செயற்கையாக ஒரு மரபணுவையே கட்டிக் காட்டிய மனிதரை, வேலை கேட்டு வந்த அந்த வருடத்தில் இந்த நாடு திருப்பி அனுப்பிவிட்டது. விடுதலைக்குப் பிந்தைய குழப்பம் என்று ஒரு காரணம் சொல்லலாம். குழப்பம் தீர்ந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று எனக்குத் தோன்றுகிறது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் 2009இன் நோபலைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓஹையோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, இது தனக்கான துறை இல்லை என்று உணர்ந்து, சான் டியேகோவில் உயிரியல் மாணவராகத் திரும்பவும் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்தவர் அவர். அதன் பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் நான்கு வருடம் போஸ்ட்டாக். செல்லுக்குள் புரதத்தைக் கட்டும் ரைபோசோமைத் தொட்டது அங்கேதான். முடித்துவிட்டு ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தார், ஒன்றும் அமையவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் என்று தேசிய ஆய்வகங்களில் இருந்து வேலையைத் தொடர்ந்தார். ரைபோசோமின் சிறு பாகத்தின் அமைப்பு 2000இல் வெளியானபோது, யேலில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அத்தினி வருசம் சோறு யாரு போட்டாங்க?"

சரியான கேள்வி. பணத்தைப் பற்றிப் பேசாமல் அறிவைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களுக்குத்தான் முடியும்.

இந்தியாவில் ஆய்வுத் திட்டமொன்றில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேருகிறவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 58,000 ரூபாயிலிருந்து 67,000 ரூபாய் வரை மூன்று படிநிலைகளில் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. தேசிய முதுமுனைவர் ஆய்வுதவி என்று 2015 வாக்கில் தொடங்கிய திட்டம் மாதம் 55,000 ரூபாயும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சமும் தந்தது. அது இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வந்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் வயது வரம்பு 35. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ரிசர்ச் அசோசியேட்ஷிப் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. வழியாக வருகிறது. ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் தனி போஸ்ட்டாக் உதவி இருக்கிறது. வெளிநாடு என்றால், 2016இல் இந்தியா எம்போ எனப்படும் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் மாநாட்டில் துணை உறுப்பு நாடானதால் ஐரோப்பாவின் எம்போ உதவித்தொகைக்கு நம் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். தன் உதவித்தொகையில் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு 2024இல் வைத்த அளவு 61,008 டாலர். வெளிநாட்டவருக்கு அந்த உதவித்தொகை நேரடியாகக் கிடைக்காவிட்டாலும் பல ஆய்வகங்கள் அதை ஒட்டித்தான் சம்பளம் போடுகின்றன.

தாளில் பார்த்தால் மோசமில்லை. ஆனால் தாளில் எழுதிய தொகை மாதம் தவறாமல் வருமா என்பது வேறு. ஃபண்ட் ரிலீஸ் ஆகவில்லை என்ற வாக்கியத்தை என் மாணவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ ஊரிலிருந்து போனில் சொல்லியிருக்கிறார்கள். நான்கைந்து மாதம் கையில் காசில்லாமல், வாடகைக்கு நண்பர்களிடம் கடன் வாங்கி, ஜெல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா வழக்கறிஞராகவோ பேராசிரியராகவோ இருக்கிற பிள்ளைக்கு இது ஒரு எரிச்சல். இரண்டு ஏக்கர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கௌரவ விரிவுரையாளராகப் பதினோரு மாதச் சம்பளத்துக்குப் போகவைக்கிற காரணம். மல்லாட்டை வயலைப் பார்த்து வளர்ந்தவள் கேட்கக்கூடிய கேள்வி அத்தோடு போய்விடும். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் என்னை உறுத்துவது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில் கோபுரம் வயல்வெளிக்கு மேலே எழுந்து தெரியும். மலைநாதர் கோயிலில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கிறார்கள். மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, சமண மரபைச் சேர்ந்த குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருந்த ஏடும் அவர்கள் சொன்ன பொருளும் இல்லாமல் அந்தப் பதிப்பு அப்படி வந்திருக்காது.

சமணம் நான்கு தானங்களைச் சொல்கிறது: அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம். முதல் மூன்றும் எல்லா ஊரிலும் உண்டு. நான்காவதான சாத்திர தானம், நூலைப் படியெடுக்கச் செய்து கற்பவர்களுக்குக் கொடுப்பது. ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும், இரண்டு மூன்று நூற்றாண்டுக்கு மேல் தாங்குவது அரிது. யாராவது உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, பிழையில்லாமல் மறுபடி எழுத வேண்டும். அந்த மாதங்களுக்கு எழுதுகிறவனுக்குச் சாப்பாடு வேண்டும். அதை ஊரும் வணிகரும் இல்லறத்துப் பெண்களும் ஏற்றுக்கொண்டார்கள். கர்நாடகத்தில் பத்தாம் நூற்றாண்டின் அத்திமப்பை, பொன்னனின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினாள் என்று அவள் பெயரை இன்றும் சொல்கிறார்கள். அந்த ஆயிரம் படியை எழுதிய கைகளுக்குச் சோறு போட்டது ஒரு பெண்ணின் அறம்.

போஸ்ட்டாக் ஆண்டுகளை நான் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை கையில் எடுத்துக்கொள்ளும் இடைவேளை அது. அந்த வேளையில் உழைக்கிறவரின் சாப்பாடு பொதுப் பொறுப்பு. தனி மனிதரின் லட்சியமாகவும் தியாகமாகவும் அதைப் பேசுவது, பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற பேச்சு. மடத்துச் சுவடிக்குப் பின்னால் நின்ற ஊருக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோயில் திருப்பணிக்கும் தேருக்கும் வசூலிக்கத் தெரிந்த எங்களுக்கு, மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை இரண்டு வருடம் ஆய்வகத்தில் உட்காரவைக்கும் செலவு பெரிய தொகை இல்லை. உதவித்தொகை வரத் தாமதமாகும் மாதங்களுக்கு ஒரு கைமாற்று நிதி இருந்தாலே பலர் ஊருக்குத் திரும்பாமல் நிற்பார்கள்.

உட்கார இடம் பக்கத்திலும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியராக வந்தபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கோபிநாத் கர்த்தாவும் அவரும் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954-55இல் வெளியிட்டார்கள். அதற்கு வேண்டிய கங்காரு வால் தசைநார், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஆய்வகம் இருந்ததால் நடந்த காரியம் அது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வேலுத்தம்பி செய்ததும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்டன் கெல்வினின் ஆய்வகத்தில், அக்ரோபாக்டீரியம் தன் மரபணுத் துண்டை எப்படி வெட்டிச் செடிக்குள் அனுப்புகிறது என்ற ஆராய்ச்சியில் இருந்தவர். 1987 கட்டுரையில் அவர் பெயர் முதலில் நிற்கிறது. மதுரைக்கு வந்து அதே பாக்டீரியத்தை வாகனமாக வைத்து உளுந்தின் மஞ்சள் தேமல் வைரஸை ஆராய்ந்தார். நம் வீடுகளில் தோசைக்கு அரைக்கிற உளுந்து. வெளியே கற்ற கைத்திறன் ஊர்ப் பயிரின் கேள்வியோடு வந்து சேர்ந்தது அங்கே.

மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 1975 முதல் இருக்கிறது. வோல்பாக்கியா பாக்டீரியத்தை ஏற்றி, டெங்கு வைரஸைக் கடத்தாத கொசு வகைகளை அங்கே உருவாக்கியதை 2022இல் அறிவித்தார்கள். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர மூலக்கூறு உயிரியல் மையம். திண்டிவனம் நிலையத்தோடு சேர்ந்தாற்போல, மல்லாட்டை, எள் இரண்டுக்கும் மட்டுமாவது, ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு சில போஸ்ட்டாக் இருக்கைகள் வேண்டும் என்று நான் கேட்கிறேன். காரணம் எளிது. நோய்ச் சோதனைக்கு மழைக்கால வயல் வேண்டும். இலை உதிர்வதைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். ஜெல்லில் தெரியும் கோட்டுக்கு வயலில் பொருள் இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். விதைத்து எழுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் வரிசைக்குள் குனிந்து நடக்காத ஆளுக்கு அந்தக் கோடு வெறும் கோடு.

ஐந்தாண்டு என்று நான் அழுத்திச் சொல்வதற்குத் தார்வாட்டில் கொடுத்த அந்த எதிர்ப்புத் துண்டின் பூர்வீகமே சாட்சி. அது முதலில் பொலிவியாவின் காட்டு மல்லாட்டை ஒன்றிலிருந்து வந்தது. அராகிஸ் கார்டினாசி என்ற அந்தச் செடியின் விதையை 1950களின் இறுதியில் சேகரித்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பயிரோடு கலந்தார்கள். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்கள் விதைப் பொட்டலங்களாகக் கைமாறி இக்ரிசாட்டுக்கு வந்து, அங்கிருந்து கர்நாடகத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயின. எங்கெங்கே போயிற்று என்பதை மரபணு அடையாளத்தை வைத்துத் தேடி 2021இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முப்பது நாடுகளில் அந்த ஒரே காட்டுச் செடியின் துண்டு இருந்தது. அறுபது வருடத்தில் எத்தனையோ பேர் ஒப்பந்தம் முடிந்து போயிருப்பார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்பும் விதை உறையின் மேல் இட்ட எண்ணும் மட்டும் சங்கிலியை அறுந்துபோகாமல் வைத்திருக்கின்றன. இரண்டு வருடத்தில் எவருக்கும் கிடைக்கக்கூடிய பலன் இல்லை இது.

அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கூடவே, ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செய்ய வேண்டியது என்று எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். எம்போவுக்கு விண்ணப்பிக்க முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அதில் ஒரு வருடம் கழிந்துவிட்டது, நாளைக் கடத்தக் கூடாது. ஆய்வகத்தை நடத்துகிற பி.ஐ.யின் (முதன்மை ஆய்வாளரின்) பேப்பர்களை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த ஆறேழு வருடத்தில் அங்கே போஸ்ட்டாக் இருந்தவர்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டும். அவர்களில் இரண்டு பேரோடாவது போனில் பேச வேண்டும். ஒருவர் சந்தோஷமாகவும் ஒருவர் மனக்கசப்போடும் போனவராக இருந்தால் நல்லது. உதவித்தொகை தாமதமானால் ஆய்வகம் முன்பணம் கொடுக்குமா? யாருடைய பெயர் கட்டுரையில் முதலில் வரும் என்பதை எப்போது, எப்படி முடிவு செய்கிறார்கள்? வெளியே போகும்போது தான் தொடங்கிய கேள்வியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போக விடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நேர்முகத்தில் தயங்காமல் கேட்கச் சொன்னேன். கேட்டதற்காக முகம் சுளிக்கிற பி.ஐ.யிடம் போகாமல் இருப்பதே மேல்.

அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்பாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. "மத்திய அரசு ஆராய்ச்சியாளர்னு சொல்லுங்க, பொய் இல்ல," என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு வேறொன்று கேட்டார்: அவளுக்குக் கிடைக்கப்போகிற லேப், மல்லாட்டை லேப்பா, கொசு லேப்பா? மல்லாட்டை என்றால் தன் நிலத்தில் நாலு வரிசை விட்டுத் தருவதாகச் சொன்னார்.